எழுப்பிவிட ஒரு ஆள்

ஜூன் 17, திங்கள்

ஆயில் கம்பெனிக்காரன் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் ஷெட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டி ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்துக் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்துவிட்டேன். காரணம் இருக்கிறது.

என் மகள் யாழரசி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இன்று ஒரே நாளில் அவளை இரண்டு பேர் கேட்டார்கள். காலையில் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் பிரிசில்லா மிஸ் கூப்பிட்டு, இந்த வருஷம் ஸ்கூல் டீமுக்கு யாழுதான் கேப்டன் என்றார். சாயங்காலம் கிளப் நடத்தும் மோசஸ் கோச் ஷெட்டுக்கே வந்துவிட்டார். "தனசீலா, உன் பொண்ண பெரிய பொண்ணுங்க டீம்ல ஏத்துறேன். டிசம்பர்ல ஸ்டேட் செலக்‌ஷன் கீது. இவ போவா, எழுதி வெச்சிக்கோ" என்றார். எழுதி வைத்துக்கொண்டேன், இதோ.

நாளைக்கு ஒரு பத்திரிகைக்காரன் வந்து ஆரம்பக் கதையைக் கேட்டால் தேதியோடு சொல்ல வேண்டாமா? என் மனைவி லீலா சிரிக்கிறாள். "கிரீஸ் கையோட டைரி வேறயா" என்கிறாள். சிரிக்கட்டும்.

எங்கள் வியாசர்பாடியில் பந்து உதைக்காதவன் யாரும் இல்லை. நானும் உதைத்தவன்தான், லெஃப்ட் விங். பத்தொன்பது வயதில் ஒரு பேங்க் டீமுக்குக் கூப்பிட்டார்கள். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். முந்தின நாள் ஷெட்டில் வேலை இழுத்துவிட்டது. வந்து படுத்தவன் தூங்கிப் போனேன். அம்மா விடியற்காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போயாச்சு. அப்பா இருந்தும் இல்லாத கணக்கு. கண் விழித்தபோது முகத்தில் வெயில். அதோடு முடிந்தது என் ஃபுட்பால். திறமை இல்லாமல் போகவில்லை, எழுப்பிவிட ஒரு ஆள் இல்லாமல் போனது.

யாழுவுக்கு அந்தக் குறை வராது.

ஜூன் 18, செவ்வாய்

நாலரைக்கு எழுப்பினேன். ஒரே கூப்பாடு, எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தங்கம்.

ஜூன் 30, ஞாயிறு

காலையில் கிளப், சாயங்காலம் ஸ்கூல், ஞாயிற்றுக்கிழமை எங்காவது கோப்பை ஆட்டம். பழகிக்கொண்டாள்.

ஒரு விஷயத்தை நான் சாமர்த்தியமாகச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. மிஸ்ஸுக்கும் கோச்சுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யாழுவைக் கண்டுபிடித்தது யார் என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு. ஆறு வயதில் அவளுக்கு முதல் பந்து வாங்கிக் கொடுத்த என்னை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். மிஸ் போன் செய்து, "கிளப்ல எத்தன நாள் பிராக்டீஸ்ங்க? புள்ளைக்கு ரொம்ப ஆயிடக் கூடாது" என்றார். வாரத்தில் இரண்டு நாள்தான், அதுவும் சும்மா என்றேன். கோச்சும் அதையே கேட்டார். ஸ்கூலில் பேருக்கு ஒரு பீரியட் ஓட விடுகிறார்கள் என்றேன். இரண்டு பேருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அவர்கள் பேசிக்கொள்ளாதது எனக்கு எவ்வளவு வசதி!

ஜூலை 14, ஞாயிறு

மூன்று கோல்! மூன்றாவது, வலது பக்கம் போகிறவள் மாதிரி காட்டி இடது காலால் மூலையில் சொருகினாள். கோல்கீப்பர் இன்னும் தேடிக்கொண்டிருப்பாள். மைக் பிடித்திருந்தவன், "மெக்கானிக் தனசீலன் அவர்களின் மகள்" என்று சொன்னான். இரண்டு தடவை சொன்னான்.

வண்டியில் திரும்பும்போது என் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள். விழுந்துவிடப் போகிறாள் என்று ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள், தனக்குத்தானே ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு. காலை வீணாக்காதே, நாளைக்குப் பிராக்டீஸ் இருக்கிறது என்று கீழே அழைத்து வந்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் வலிக்கிறதாம். ஓடும்போது வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்கிறாள். விட்டுவிடுகிறது என்றால் அது ஒரு வலியா? வளர்கிற வயசு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தைலம் தேய்த்து, பேண்டேஜ் சுற்றிவிட்டேன். தேய்க்கும்போது ஒரு இடத்தில் விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கூச்சம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று இன்பராஜை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். அவனுடைய குட்டியானை லோடு வண்டி, பின்பட்டை ஸ்பிரிங் உடைந்து வந்து நிற்கிறது. போன வருஷம்தான் மாற்றிக் கொடுத்தேன். பகலில் ஒரு டிரைவர் கோயம்பேட்டிலிருந்து காய்கறி அடிக்கிறான், ராத்திரி இன்னொருத்தன் காசிமேட்டிலிருந்து மீன் அடிக்கிறான். ஒருத்தன் ஏற்றுகிற லோடு மற்றவனுக்குத் தெரியாது. வண்டி என்றைக்கு ஆறும்?

"இரும்புதானண்ணே, தாங்காதா?" என்கிறான்.

"இரும்புன்னா? அதுக்கு வாய் கெடயாதுடா. வாய் இருந்தா அழும்" என்றேன். இப்படிப்பட்டவன் கையில் வண்டியைக் கொடுப்பதே பாவம்.

யாழுவுக்குப் புது ஷூ வாங்கினேன். பழைய ஷூவால்தான் கால் வலி என்று சந்தேகம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

லீலா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, கிளாஸில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மூணு மாசமா தலைக்கு ஊத்திக்கலய்யா அவ. ஒடம்புல சத்து இல்ல" என்றாள். அது அம்மா, மகள் சமாச்சாரம். நான் என்ன சொல்வது? தினமும் ஒரு முட்டை அதிகமாகக் கொடு என்றேன்.

"முட்டையக் குடுக்கலாம். தூக்கத்த யாருயா குடுக்கறது?" என்றாள்.

லீலாவுக்கு ஃபுட்பால் தெரியாது.

செப்டம்பர் 11, புதன்

எழுப்பினேன். நாலு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. சோம்பல் வந்துவிட்டது.

செப்டம்பர் 20, வெள்ளி

மோசஸ் கோச் கூப்பிட்டார். "இன்னாபா, பொண்ணு காலை இழுத்து இழுத்து ஓடுறா? வலி ஏதாச்சும் கீதா? இருந்தா சொல்லு, ஒரு மாசம் வெளிய உக்கார வெக்கறேன். ஒண்ணும் குடி முழுவிடாது."

ஒரு மாசமா? அந்த ஒரு மாசத்தில் பத்துப் பேர் முளைத்துவிடுவார்கள். எனக்குத் தெரியாதா இந்த ஊரை? ஒரு நாள் காலையில் வராதவனுக்கு நடந்தது எனக்குத் தெரியும். ஷூ புதுசு, கடிக்கிறது என்று சொல்லி வைத்தேன். அவளையும் அப்படியே சொல்லச் சொன்னேன். "சரிப்பா" என்றாள்.

இன்றிலிருந்து இரண்டு காலிலும் பேண்டேஜ் சுற்றிவிடுகிறேன். ஒரு காலில் மட்டும் சுற்றினால்தானே எந்தக் கால் என்று பார்ப்பார்கள்? இரண்டிலும் சுற்றினால் ஸ்டைல் என்று விட்டுவிடுவார்கள். கண்ணாடியில் பார்த்து யாழுவும் சிரித்தாள். கொஞ்சம்தான் சிரித்தாள்.

அக்டோபர் 5, சனி

லீலா விடவில்லை. தெருமுனை கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் சின்னப் பையன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "முறிவு எதுவும் தெரியல" என்றார். எனக்கு உயிர் வந்தது! அப்புறமும் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாமாம், மூன்று வாரம் ஓடவே கூடாதாம், அப்புறமும் வலித்தால் ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். டாக்டர் என்றால் நாலு வார்த்தை கூடத்தான் சொல்வார்.

மூன்று வாரம் என்றால் டிஸ்ட்ரிக்ட் ஆட்டங்கள் பாதி முடிந்துவிடும். ஆனாலும் நான் ஒன்றும் கல் நெஞ்சுக்காரன் இல்லை. ஒரு வழி கண்டுபிடித்தேன். இந்த வாரம் ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு கிளப் மட்டும். அடுத்த வாரம் கிளப்புக்கு லீவு, ஸ்கூல் மட்டும். இரண்டு இடத்திலும் ஓய்வு கொடுத்த மாதிரி ஆச்சு.

எக்ஸ்ரேவை ஷெட்டில் மாட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். சுத்தமான எலும்பு.

அக்டோபர் 19, சனி

எழுப்பப் போனபோது முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். கூரையைப் பார்த்தபடி, "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எழுப்பாத மாதிரி போயிடேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேங்க் டீம் கதையைச் சொன்னேன். முகத்தில் வெயில் பட்டு விழித்த அந்தக் காலையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதியிலேயே எழுந்து உட்கார்ந்து, "அழாதப்பா, நான் வரேன்" என்று ஷூவை எடுத்தாள்.

என் பெண்ணுக்கு என் கஷ்டம் தெரியும்.

நவம்பர் 5, செவ்வாய்

நல்ல மழை. மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கிளப்பும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. பத்து மணி வரை தூங்கினாள். எழுந்ததும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "நாளைக்கும் பெய்யுமாப்பா?" என்று ஆசையாகக் கேட்டாள். மழை என்றால் குழந்தைகளுக்குக் குஷிதான்.

நாள் வீணாகக் கூடாது என்று மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னேன். கீழ்வீட்டுக்காரர் சத்தம் போட்டதால் பாதியில் நிறுத்தினாள்.

நவம்பர் 23, சனி

டிஸ்ட்ரிக்ட் ஃபைனல். ஸ்கூல் ஜெயித்தது. யாழு கோல் போடவில்லை, ஆனால் போட வைத்தாள். கடைசி வரை ஆடினாள். பிரிசில்லா மிஸ் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரம் முழுக்க ரெஸ்ட் எடுடி தங்கம்" என்றார்.

நாளைக்கே கிளப் ஃபைனல் இருப்பது மிஸ்ஸுக்குத் தெரியாது. செலக்‌ஷன் கமிட்டி ஆள் ஒருவர் வருகிறாராம்.

ராத்திரி பேண்டேஜை அவிழ்த்தபோது எலும்பின் மேல் சின்ன மொச்சைக்கொட்டை அளவு வீக்கம் இருந்தது. ஐஸ் வைத்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

எழுத முடியவில்லை.

நவம்பர் 25, திங்கள்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் பாதி. யாழுவுக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. பந்து உருண்டு வருகிறது. இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கினாள். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. விழுந்தாள். எவளாவது காலை விட்டிருந்தால் அவளைத் திட்டியாவது தீர்த்திருப்பேன். யாருமே தொடவில்லை.

ஓடினேன். கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அழவில்லை அவள். என்னைப் பார்த்து, "ஷூ கடிக்கலப்பா" என்றாள். பக்கத்தில் கோச் இருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இப்போது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எலும்பு நேற்று ஒரே நாளில் உடையவில்லை. பல மாதமாகவே முடி அளவில் விரிசல் விட்டிருக்கிறது. ஓய்வு கொடுத்திருந்தால் எலும்பே தன்னை அடைத்துக்கொண்டிருக்கும். கொடுக்கவில்லை. "வலிக்குதுன்னு சொல்லியிருப்பாளே?" என்று கேட்டார். லீலா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மிஸ்ஸும் கோச்சும் முதல் தடவையாகப் பேசிக்கொண்டார்கள். சண்டையாகத்தான் ஆரம்பித்தார்கள்.

"தெனமும் காலையில ஓட விட்டீங்களா? வாரத்துக்கு ரெண்டு நாள்னு சொன்னாங்களே!"

"தெனமும் சாயங்காலம் நீங்க ஓட விட்டீங்களாம்மா? ஏதோ பேருக்கு ஒரு பீரியட்னு இல்ல கேள்விப்பட்டேன்?"

"அக்டோபர்ல கால் வலின்னு நான் ஒரு வாரம் லீவு குடுத்தேனே?"

"அந்த வாரம் எங்கிட்ட ஒரு நாள் தவறாம வந்தாளேம்மா."

"யாருங்க உங்ககிட்ட அப்படிச் சொன்னது?"

அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோச் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மிஸ் அழுதார். நான் தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிக் கீழே போனேன்.

நவம்பர் 27, புதன்

ஆபரேஷன் முடிந்தது. எலும்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாள், அதில் பயமில்லை என்றார் டாக்டரம்மா. விளையாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, "இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

மதியம் யாழு கண் விழித்தாள். நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அவள் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு எழுப்ப மாட்ட இல்லப்பா?"

"மாட்டேம்மா."

"நாளான்னிக்கு?"

"மாட்டேண்டா கண்ணு."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வலி மருந்தின் மயக்கம் என்று அப்போது உள்ளே வந்த நர்ஸ் சொன்னாள். எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். மொட்டை மாடியில் பந்து தட்டும்போது வருகிற சிரிப்பு அது. ஜூலைக்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. அதே சிரிப்போடு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பித் தூங்கிவிட்டாள். என் குழந்தை எலும்பு உடைந்து சந்தோஷப்பட்டாள். இதை எந்தப் பத்திரிகைக்காரனிடம் சொல்வேன்?

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். லீலா சோற்றுத் தூக்கோடு வந்தவள் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாளே.

டிசம்பர் 9, திங்கள்

இன்று ஸ்டேட் செலக்‌ஷன்.

இன்பராஜ் வந்தான். மறுபடியும் பின்பட்டை. திட்டு வாங்கத் தயாராகத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நான் ஒன்றும் சொல்லாமல் மாற்றிக் கொடுத்தேன். "இன்னாண்ணே, ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டான். ஷெட்டில் மாட்டியிருந்த எக்ஸ்ரேவைக் கழற்றிவிட்டேன்.

டிசம்பர் 18, புதன்

அரையாண்டுப் பரீட்சை. வாக்கரை ஊன்றிக்கொண்டு போய் எழுதுகிறாள். பிரிசில்லா மிஸ் தரைத்தளத்தில் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். மோசஸ் கோச் தன் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். இரண்டு பேரும் போனில் பேசி ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். என்னிடம் எதையும் கேட்பதில்லை.

நேற்று படுக்கும்போது யாழு, "அப்பா, கணக்குப் பரீட்சை. காலையில சீக்கிரம் எழுப்பி விடு" என்றாள். அவளாகவே கேட்டாள். இத்தனை மாதத்தில் அவளாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

நாலரைக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அது தானாக வருகிறது. ஐந்தரை வரை காத்திருந்து அவள் கட்டிலுக்குப் போனேன். உடைந்த காலைத் தலையணை மேல் வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் தூங்கின மாதிரியே. கட்டிலுக்கு அடியில் பந்து காற்று இறங்கிக் கிடந்தது. தோளைத் தொடக் கையை நீட்டினேன். கை பாதியில் நின்றுவிட்டது. மறுபடி நீட்டிப் பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால் குரல் எழும்பவில்லை.

சமையலறைக்குப் போனேன். லீலா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ போய் எழுப்பும்மா" என்றேன்.